மிளகு சூப்பா, மிளகாய் சூப்பா?

காரத்தின் கதை – 17

நைஜீரியாவில் ‘பெப்பர் சூப்’ என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிடுகிறது. மிளகு சூப் என்பதா, மிளகாய் சூப் என்பதா? ஆங்கிலத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. மிளகுக்கும் மிளகாய்க்கும் அது ஒரே பெயரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. தமிழ் அப்படி விடாது. ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். லாகோஸ் சந்தையில் பெப்பர் என்று கேட்டால் கையில் கிடைப்பது மிளகாய்தான்: குட்டிக் குடமிளகாய் மாதிரி உருண்டு மடிந்த, யொரூபா மக்கள் ‘அத்தா ரோடோ’ என்று அழைக்கும் பொல்லாத மிளகாய். அதைப் பார்த்தவர்கள் மிளகாய் சூப் என்றே பெயர்த்துவிடுகிறார்கள். அது பிழை என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. சொல்லோடு நிற்கிற பிழையாக இருந்தால் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அடுப்பில் சட்டி ஏறியதும் அது நாக்குக்கு வந்துவிடுகிறது. மிளகாய் சூப் என்று நினைத்துச் செய்கிறவர் மிளகாய்த் தூளைக் கூட்டிக்கொண்டே போகிறார். கண்ணில் நீர் வருகிறது, பெப்பர் சூப் மட்டும் வருவதில்லை.

முதலில் அது எப்படிப்பட்ட சூப் என்று பார்த்துவிடுவோம். நைஜீரியாவில் சூப் என்ற சொல்லுக்குப் பொதுவாக நம் கெட்டிக் குழம்பு என்றுதான் பொருள். எகுஸி விதையை அரைத்துச் சேர்த்தது, வெண்டைக்காய் போட்டது என்று எல்லாமே ‘ஏபா’ எனும் மரவள்ளிக் களியையோ, இடித்த யாம் கிழங்கையோ உருட்டித் தொட்டு விழுங்குவதற்கானவை. அவற்றுள் பலவற்றில் செம்பனை எண்ணெய் தாராளமாக மிதக்கும். பெப்பர் சூப் இந்தக் கூட்டத்தில் சேராதது. எண்ணெய் ஊற்றுவதில்லை, கெட்டியாக்க எதையும் கரைப்பதில்லை. எலும்போடு வெந்த ஆட்டிறைச்சி, மாட்டுக்கால், குடல், அல்லது கெளுத்தி மீன். அது வெந்த நீர். அந்த நீரில் இறங்கிய வாசனை. அவ்வளவே. மாலை வேளையில் மதுக்கடைகளில் பீரோடு இதைக் குடிப்பார்கள். சில கடைகளில் தொட்டியில் நீந்தும் கெளுத்தியை விரலால் காட்டினால் போதும், அதையே பிடித்துச் சமைத்துத் தருவார்கள். அதற்கு ‘பாயின்ட் அண்ட் கில்’ என்றே பெயர். இவ்வளவு தெளிந்த நீரில் எதையும் ஒளித்து வைக்க முடியாது. தேங்காயும் புளியும் தக்காளியும் நம் குழம்பில் ஒன்றின் குறையை மற்றொன்று மூடிவிடும். இங்கே மூடுவதற்கு ஆளில்லை. எந்த மசாலா விட்டுப்போனாலும் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும்.

அந்த மசாலாவை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். இக்போ மொழியில் ‘எஹுரு’ என்பது புளியங்கொட்டையைவிடச் சற்றே நீண்ட, பழுப்பு நிற விதை. பச்சையாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. எண்ணெயில்லாத சட்டியில் போட்டு நிதானமாக வறுக்க, தோல் பளபளத்து, மெல்ல வெடிக்கும். ஆறவிட்டு நகத்தால் கிள்ளினால் தோல் கழன்று வெளிறிய பருப்பு வெளியே வரும். அதை இடித்த கணத்தில் ஜாதிக்காயும் பிசினும் கலந்தது போன்ற ஒரு மணம் எழுகிறது. ‘உடா’ என்பது விரல் நீளமுள்ள, கறுத்து முறுக்கிய காய். இதில் மணம் இருப்பது தோட்டில். உள்ளே உள்ள விதை கசக்கும். ஆகவே காயை லேசாக நசுக்கி முழுதாகவே போட்டு, கடைசியில் எடுத்துவிடுவார்கள். ‘உஸிஸா’ நம் மிளகின் சொந்தச் சகோதரம். அதே பேரினக் கொடியில் காய்ப்பது, ஆனால் ஒவ்வொரு மணியிலும் ஒரு சிறு வால் ஒட்டியிருக்கும். பிறகு, சுருங்கிய காய்க்குள் வெள்ளைச் சவ்வு பொதிந்த செம்பழுப்பு விதைகள்: யொரூபாவில் ‘அத்தாரே’, ஐரோப்பியர் வாயில் மெலகெட்டா, இன்னொரு பெயரில் சொர்க்கத்தின் மணிகள். ஏலக்காயின் உறவு இது. கடித்தால் முதலில் ஏலத்தின் குளிர்ச்சி, பின்னாலேயே மிளகின் சுருக். இந்த நான்கும் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு மண்ணில் தாமே விளைந்தவை. எங்கிருந்தும் கப்பலில் வந்திறங்கியவை அல்ல.

மிளகாயோ கப்பலில் வந்தது. சென்ற வாரம் பார்த்தபடி, 1492-க்குப் பிறகு அமெரிக்க மண்ணிலிருந்து கிளம்பி, போர்த்துகீசியரின் அட்லாண்டிக் வழிகளில் ஆப்பிரிக்காவைத் தொட்டது. அதற்கு முன் அந்த மக்கள் காரமில்லாமலா சாப்பிட்டார்கள்? வணிக வரலாறு தெளிவாகவே பதில் சொல்கிறது. சொர்க்கத்தின் மணிகள் ஒட்டக முதுகில் சகாராவைக் கடந்து 13-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியச் சந்தையில் இருந்தன. எங்கே விளைகிறது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாததால்தான் அந்தச் சொர்க்கப் பெயரே ஒட்டிக்கொண்டது. பின்னால் இன்றைய லைபீரியாவின் கரைக்கு ‘மணிக் கடற்கரை’ என்று இதனாலேயே பெயர் வந்தது. அந்த மணி தானிய மணியன்று, இந்தக் கார மணி. உஸிஸாவின் கதை இன்னும் நெருக்கமானது. 1486-இல் ஜொவாவ் அஃபொன்ஸோ த அவைரோ என்ற போர்த்துகீசியர் பெனின் நாட்டிலிருந்து அதை லிஸ்பனுக்குக் கொண்டுபோனார். ‘பிமென்டா த ராபோ’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வால்மிளகு. நல்ல விலை போகும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். மலபார் மிளகு மூட்டை மூட்டையாக லிஸ்பனுக்குப் போகத் தொடங்கியது. இந்திய மிளகின் விலை சரிந்துவிடக்கூடாது என்று போர்த்துகீசிய அரசு பெனின் மிளகின் வணிகத்தைத் தடை செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகுக்காக மேற்கு ஆப்பிரிக்காவின் மிளகு உலகச் சந்தையிலிருந்து இறக்கப்பட்டது. மலபார் மிளகின் பெருமையைப் பேசும்போது நாம் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். உலகம் உஸிஸாவை மறந்தது. அது விளைந்த ஊர்களின் சட்டி மறக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. மிளகாய் வந்து ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஆயிற்றே, இன்னுமா அது அந்நியம்? இன்றைய நைஜீரியச் சமையல்காரர் யாரைக் கேட்டாலும் மிளகாய் இல்லாமல் பெப்பர் சூப் வைக்க மாட்டேன் என்றுதானே சொல்வார்? ஆம், சொல்வார். மிளகாயை நாடு கடத்தச் சொல்லவில்லை நான். நம் ஊரிலும் அது அதே போர்த்துகீசியர் காலத்தில் வந்ததுதான். மிளகு போலக் காரமான காய் என்று பெயர் சூட்டி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். இன்று அது இல்லாத அஞ்சறைப் பெட்டி ஏது? என் கேள்வி வேறு. எதைக் குறைத்தால் அந்த உணவு அதுவாகவே இருக்கும், எதைக் குறைத்தால் வேறொன்றாகிவிடும்? மிளகு ரசத்தில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடாவிட்டாலும் அது மிளகு ரசம்தான். மிளகையும் சீரகத்தையும் விட்டுவிட்டு மிளகாயை மட்டும் போட்டால் கையில் இருப்பது காரமான புளித்தண்ணீர். பெப்பர் சூப்பிலும் மிளகாயைப் பாதியாக்கலாம், குழந்தைக்கு என்று முற்றிலும் நீக்கலாம்; எஹுருவை எடுத்துவிட்டால் அது வெறும் இறைச்சிச் சாறு.

இதற்கு நான் காட்டும் வலுவான சான்று மதுக்கடையில் இல்லை, பிரசவ வீட்டில் இருக்கிறது. இக்போ மக்களிடம் ‘ஒமுக்வோ’ என்றொரு வழக்கம் உண்டு. மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் அவளுடைய தாய் வந்து தங்கி, தாயையும் சேயையும் கவனித்துக்கொள்வாள். அந்த நாட்களில் அவள் வைத்துத் தரும் முக்கியமான உணவு ‘ஜி மிரி ஓகூ’: யாம் கிழங்கும் உலர்மீனும் போட்டு, உடாவும் உஸிஸாவும் இறக்கிய சூடான நீர்ச் சூப். வயிறு சுத்தமாகும், பால் ஊறும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மருத்துவம் எவ்வளவு ஏற்கும் என்ற விவாதம் இங்கே வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்துக் கொடுக்கும் நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: இந்தச் சூப்புக்கு வலிமை தருவது என்று அந்தத் தாய் நம்புவது உடாவையும் உஸிஸாவையும்.

வேதியியலும் இந்தப் பக்கமே நிற்கிறது. மிளகாயின் கேப்சைசின், மிளகு வகைகளின் பைப்பரின், சொர்க்க மணியின் பாரடால் மூன்றும் நாக்கில் தட்டுவது ஒரே கதவைத்தான். சூட்டை உணரும் அதே நரம்பு வாயில். ஆனால் தட்டுகிற பலம் வேறு. கேப்சைசினோடு ஒப்பிட்டால் பைப்பரினுக்கு நூறில் ஒரு பங்கு காரம்கூட இல்லை. மிளகாய் சற்றே மிஞ்சினாலும் மற்ற குரல்கள் எதுவும் காதில் விழாமல் போவது இதனால்தான். இன்னொன்று, கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எண்ணெய் ஊற்றாத இந்தச் சூப்பில் கொழுப்பு என்று இருப்பது ஆட்டிறைச்சி விட்ட நெய் மட்டும்தான்; அது மேலே ஏடாக மிதக்கும். கூடுதலாகப் போட்ட மிளகாய் அந்த ஏட்டில் திரண்டு நின்று முதல் மடக்கிலேயே உதட்டைச் சுடுகிறது. அடியில் இருக்கும் சாறு மணமற்றுக் கிடக்கிறது.

சரி, எஹுருவுக்கும் உடாவுக்கும் மதுரையில் எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. அது கிடைக்காது, ஆகவே மிளகாயும் பட்டை கிராம்பும் போட்டுச் சமாளிப்போம் என்பது வழக்கமான முடிவு. பட்டையும் கிராம்பும் போட்டால் பிரியாணிக் கடை வாசம் வரும், அதனால் அந்த வழி வேண்டாம். உறவுமுறை பார்த்து மாற்றுத் தேட வேண்டும். உஸிஸாவுக்கு மாற்று நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது: வால்மிளகு. ஜாவாப் பக்கத்துக் கொடி அது, உஸிஸாவுக்கு மிக நெருங்கிய சொந்தம், வால் உட்பட. கசப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பதால் பாதி வால்மிளகு, பாதி சாதா மிளகு என்று எடுத்துக்கொள்வது நல்லது. எஹுருவின் இடத்தில் ஜாதிக்காய், அரைக்காய் போதும். சொர்க்க மணிக்கு ஒரு பச்சை ஏலக்காயும் ஒரு துண்டு சுக்கும். புகையில் உலர்த்திய பெரிய ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போட்டால் உடாவின் கறுத்த மணத்துக்குக் கிட்டே வரும். மாற்றுப் போட்டால் அது அசலாகுமா என்றால் ஆகாது. ஆனால் நாக்கு எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் போகும். மிளகாய்த் தூள் அதை எதிர்த் திசைக்கு இழுத்துப் போகும்.

எலும்போடு ஒரு கிலோ வெள்ளாட்டுக் கறியை உப்பும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்து, நீர் ஊற்றாமல் மூடி, சிறு தீயில் வையுங்கள். பத்து நிமிடத்தில் கறி தன் நீரை விடும். அது சுண்டத் தொடங்கும்போது ஒன்றரை லிட்டர் வெந்நீர் ஊற்றுங்கள். குக்கர் வேண்டாம், விசிலோடு மணமும் போய்விடும். முக்கால் மணி நேரம் கழித்து, கறி முக்கால் பதம் வெந்திருக்கும்போது, வறுத்து அப்போதே இடித்த மசாலாவை இரண்டு தேக்கரண்டி அளவு போடுங்கள். தூளாக விற்கும் பெப்பர் சூப் மசாலா பொட்டலங்கள் இணையத்தில் கிடைக்கலாம். இடித்து மாதக்கணக்கான பொடியில் காரம் இருக்கும், மணம் இருக்காது. கூடவே ஒரு கைப்பிடி சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்துத் தூவுங்கள். நைஜீரியர்கள் ‘கிரேஃபிஷ்’ என்று சொல்லிப் போடுவதும் கருவாடாக்கிய சிற்றிறால்தான், ஆகவே இதில் மாற்றே தேவையில்லை. மீனில் செய்வதானால் விரால் எடுக்கலாம். அங்கே தொட்டியில் நீந்தும் ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட இனம், அதைத் தேடிப் போக வேண்டாம்.

கடைசியாக இலை. யொரூபாவில் ‘எஃபிரின்’ என்று வழங்கும் பெரிய இலைத் துளசி அது. மேற்கு ஆப்பிரிக்கச் செடிகள் பலவற்றில் தைமால் மிகுதி, அதாவது நம் ஓமத்தின் மணம். ஆகவே பத்துத் துளசி இலையோடு தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி ஒன்றோ இரண்டோ கிள்ளிச் சேர்த்து, அடுப்பை அணைத்து, உடனே மூடிவிடுங்கள். கொதித்தால் அந்த மணம் நிற்காது. மிளகாயைப் பற்றி இவ்வளவு நேரமும் சொல்லவில்லை. கறி வேகும்போதே அதைக் காம்போடு, கீறாமல், முழுதாக ஒன்றிரண்டு மிதக்கவிட்டிருக்கலாம். இறக்கும்போது உடையாமல் கரண்டியால் எடுத்து ஒரு சிறு தட்டில் வைத்து, சூப்போடு கொண்டுபோய் நடுவில் வையுங்கள். வேண்டியவர் தன் கிண்ணத்தில் நசுக்கிக்கொள்ளட்டும்.

(தொடரும்)