9 மணி நேரப் பயணம் 13 மணி நேரம் ஆனது எப்படி? ஹெல்சிங்கி - டோக்கியோ விமானத்தின் கதை

பின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம்? போனில் தேடினால் சுமார் 7,800 கி.மீ என்று வரும். ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தா, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து 9 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். 2022 பிப்ரவரி வரை இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதன்பிறகு அதே பயணத்துக்குச் சுமார் 13 மணி நேரம்!

விமானம் மாறலை, அதே ஏர்பஸ் ஏ350தான். மாறியது வழி.

கூகுள் காட்டும் தூரம், உருண்டையான பூமியின் மேல் இரு ஊர்களுக்கு இடையே இழுக்கும் மிகக் குறுகிய கோடு. இந்த இரு நகரங்களுக்கு நடுவில் அந்தக் கோடு பெரும்பாலும் ரஷ்யாவின் சைபீரியா மேலேயே போகிறது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் கதவைச் சாத்தியது.

பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனத்துக்கு இது பெரிய அடி. ‘ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்கு வழி எங்க ஊர்தான்’ என்பதுதான் அவர்களுடைய பிசினஸே. இப்போது இரண்டே வழிகள்: தெற்கே மத்திய ஆசியா, சீனா வழியாகச் சுற்றுவது, அல்லது வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கம் இறங்கி, பசிபிக் மேலே டோக்கியோவைப் பிடிப்பது. துருவ வழி என்றால் 10,000 கி.மீ-க்கும் அதிகம். எந்த வழி என்பதை அன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

துருவ வழி சும்மா இல்லை. ஏ350-க்கு இரண்டே இன்ஜின். ஒன்று நின்றுபோனால் இன்னொன்றை வைத்து அருகிலுள்ள விமான நிலையத்துக்குப் போய்ச் சேரணும். ஆர்க்டிக்கில் ‘அருகில்’ என்பதே பல மணி நேரம்! அதற்கு முன்கூட்டியே தனி அனுமதி வேண்டும். அடுத்து குளிர். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கலாம். டேங்க் ரொம்பக் குளிர்ந்தால் விமானி கீழே இறங்கியோ, வேகத்தைக் கூட்டியோ சமாளிப்பார்.

சுவாரஸ்யம் என்னன்னா, ஃபின்னேருக்கு இந்த ரூட் புதுசே இல்லை. பனிப்போர் காலத்தில் சோவியத் வான்வெளி கிடைக்காததால், 1983-ல் டிசி-10 விமானத்தை இதே வட துருவம் வழியாகத்தான் டோக்கியோவுக்கு விட்டார்கள். அப்போதும் சுமார் 13 மணி நேரம்தான். துருவத்தைக் கடக்கும் பயணிகளுக்கு இப்போது சான்றிதழும் ஸ்டிக்கரும் உண்டு (எக்ஸ்ட்ராவா 4 மணி நேரம் உட்கார்ந்ததுக்கு அதாவது வேணுமே!).

ஆனால் இந்தத் தடை எல்லோருக்கும் இல்லை. சீன விமான நிறுவனங்கள் இன்றும் சைபீரியா மேலேதான் ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. நேரமும் எரிபொருளும் மிச்சம். ஐரோப்பிய நிறுவனங்கள் புலம்பும் விஷயமே இதுதான்.