நோயுற்ற முயல்: கவனிப்பும் வைத்தியமும்

வீட்டிற் செல்லமாக வளர்க்கப்படும் சிறு பிராணிகளுள் முயலும் ஒன்று. அது புல்லும் இலையும் தின்று, ஓசையின்றி, சிறிய கூட்டில் வாழ்வது. அதன் புழுக்கை மரக்கறிப் பாத்திக்கு நல்ல பசளை. யட்டியாந்தோட்டை போன்ற தேயிலை, றப்பர்ப் பகுதிகளில் புல்லுக்குக் குறைவில்லை. ஆதலின் தோட்ட வீடுகளிலும் கிராமத்து மனைகளிலும் பிள்ளைகளின் பொருட்டு முயல் வளர்ப்பது எளிது.

எனினும், முயல் நோயுற்றால் வளர்ப்போர் பலர் செய்வதறியாது திகைக்கின்றனர். "நேற்று மாலை நன்றாகத்தான் இருந்தது, இன்று காலை இறந்து கிடந்தது" என்பது அவர்கள் வழக்கமாகக் கூறும் சொல். உண்மையில், அம்முயல்களுட் பல நேற்று மாலைக்கு முன்னரே நோயுற்றிருந்தவை. வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலின் முயல் தன் நலிவை வெளிக்காட்டாது; மாட்டைப் போலக் கத்துவதும் நாயைப் போல முனகுவதும் இல்லை. அதன் நோயை நாமே தேடிக் காணல் வேண்டும். அவ்வாறு காண்பது எங்ஙனம், கண்டபின் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கு விளக்குவோம்.

நாள்தோறும் பார்க்க வேண்டியவை

நல்ல கமக்காரர் காலையில் வயலுக்குச் சென்றதும் வரம்பையும் நீர்மட்டத்தையுமே முதலிற் பார்ப்பர். முயல் வளர்ப்போர் காலையும் மாலையும் பார்க்க வேண்டியவை இரண்டு: வைத்த தீனி குறைந்திருக்கிறதா? கூட்டின் கீழ்ப் புழுக்கை விழுந்திருக்கிறதா? சுகமுள்ள முயலின் புழுக்கை உருண்டையாய், உலர்ந்ததாய், ஏறக்குறைய ஒரே அளவினதாய் இருக்கும். அது சிறுத்தாலும், எண்ணிக்கையிற் குறைந்தாலும், அறவே நின்றாலும் நோய் தொடங்கிவிட்டதெனக் கொள்க.

முயல் ஒரு மூலையிற் குன்றி உட்கார்ந்திருத்தல், பல்லை நறநறவெனக் கடித்தல், மூக்கு ஒழுகுதல், தலை ஒருபுறஞ் சாய்தல், வாயோரம் நனைந்திருத்தல், பின்புறம் அழுக்கடைந்திருத்தல் ஆகியனவும் நோயின் குறிகளே. ஓய்வாக இருக்கும் முயல் நிமிடத்திற்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும். அதன் உடல் வெப்பநிலை 38.5 முதல் 40 பாகை செல்சியசு வரை இருக்கும். வாயைத் திறந்து மூச்சுவிடும் முயல் பேராபத்தில் உள்ளது.

நோயல்லாதவற்றை நோயென எண்ணி அஞ்சவும் வேண்டா. முயல் இருவகை மலம் இடும். திராட்சைக் குலை போன்ற மென்மையான ஒருவகையை அது தன் குதத்திலிருந்தே வாயால் எடுத்து உண்ணும். குருட்டுக் குடலில் உண்டான சத்துகளை இவ்வாறே அது மீளப் பெறுகிறது. சிறுநீர் வெண்மையாகக் கலங்கியிருப்பதும், உண்ட இலைகளின் நிறத்தாற் சிவந்திருப்பதும் உண்டு. ஆயினும், முக்கி முக்கிச் சிறுநீர் விடுமாயின் அது நோயே.

குடலின் ஓட்டம் நிற்றல்

முயலின் குடல் இடைவிடாது இயங்க வேண்டிய ஒன்று. புல்லிலுள்ள நார் அதனை இயக்குகிறது. பல்வலி, பயம், கடும் வெப்பம், நார் குறைந்த தீனி, வேறு நோய் ஆகிய எக்காரணத்தினாலும் முயல் தின்பதை நிறுத்தினால், குடலின் அசைவு தளரும். உள்ளிருக்கும் பொருள் உலர்ந்து இறுகும், வாயு பெருகும், வலி மிகும். வலியினால் முயல் மேலும் தின்னாது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து, ஓரிரு நாளில் உயிரைப் போக்கிவிடும். முயலுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றலும் இல்லை.

ஆகவே, நினைவிற் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: அரை நாள், அதாவது ஏறக்குறைய 12 மணித்தியாலம், தீனியைத் தொடாத முயலை அன்றே வைத்தியரிடம் காட்டுக. "நாளை பார்ப்போம்" என்பது மாட்டுக்குச் சில வேளை பொருந்தலாம், முயலுக்குப் பொருந்தாது. வயிறு பறை போல் உப்பி இறுகியிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதித்தல் கூடாது.

மழைக்காலத்து நோய்கள்

யட்டியாந்தோட்டை ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில், களனி கங்கைப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. தென்மேல் பருவமழைக் காலத்தில் கூடும் புல்லும் தரையும் எப்பொழுதும் ஈரமாகவே இருக்கும். ஈரம் முயலுக்குப் பகை.

பால் மறந்த குட்டிகளைப் பெரிதும் தாக்குவது கொக்சீடியா நோய். கழிச்சல், வயிறு வீங்கல், எடை குறைதல் ஆகியன இதன் குணங்குறிகள். இந்நோயின் முட்டைகள் புழுக்கையுடன் வெளிவந்து, ஈரமும் வெம்மையும் உள்ள இடத்தில் சில நாளில் முற்றிய பின்னரே பிற முயல்களைத் தொற்றும். எனவே புழுக்கையை நாள்தோறும் அகற்றுவதே சிறந்த காப்பு. சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இம்முட்டைகள் அழிவதில்லை. கூட்டைக் கழுவிக் கொதிநீர் ஊற்றி வெயிலிற் காயவிடல் வேண்டும்.

காதினுள் தடித்த பொருக்கு உண்டாதல் காதுச் சொறியாகும். நுண்ணிய உண்ணிகளே இதற்குக் காரணம். பொருக்கைப் பிடுங்குதல் கூடாது. கடும் வலியும் புண்ணும் உண்டாகும். மண்ணெண்ணெய், பழைய இயந்திர எண்ணெய் முதலியவற்றைப் பூசுதலும் ஆகாது. முயலின் உடற்சொறியும் படர்தாமரையும் மனிதருக்கும் தொற்றக்கூடியன; நோயுற்ற முயலைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

பின்புறம் நனைந்து அழுக்கான முயலில் ஈக்கள் முட்டையிடும். ஒரு நாளுக்குள்ளாகவே புழுக்கள் தோன்றித் தசையை அரிக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் வால் அடியை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். புழு கண்டால் அன்றே வைத்தியரை நாடுக.

தீனியினால் வரும் தீங்கு

மரக்கறி பயிரிடுவோர் இங்கு மிகவும் கவனிக்க வேண்டும். பீடைநாசினி தெளித்த பாத்தியிலிருந்து கழித்த இலைகளை முயலுக்குப் போடுதல் பெருந்தவறு. மனிதர் உண்பதற்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமென மருந்துப் போத்தலிற் குறித்துள்ளதோ, அத்தனை நாளும் முயலுக்கும் அவ்விலை ஆகாது. களைநாசினி தெளித்த தேயிலை மலையோரத்திலும் வரப்பிலும் புல் அறுத்தல் வேண்டா.

மரவள்ளிப் பச்சையிலை, தக்காளிச் செடி, உருளைக்கிழங்குச் செடி, ஆனைக்கொய்யா இலை, அலரி ஆகியன முயலுக்கு நஞ்சாவன. சோறு, பாண், பிஸ்கற்று ஆகியன நஞ்சல்லவெனினும், குடலிற் புளித்துக் கேடு விளைப்பன. அறுத்துக் குவித்துச் சூடேறிய புல்லும் அத்தகையதே. கினிப்புல் போன்ற நார்மிகுந்த புல் தீனியின் பெரும்பகுதியாக இருத்தல் வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. புல்லை மென்று அரைப்பதாலேயே அவை தேய்ந்து அளவாக நிற்கின்றன. புல் குறைந்தால் பல் நீண்டு, நாவையும் கன்னத்தையும் குத்தும். அதனால் முயல் தின்னாது. அதன் விளைவு முன்னரே கூறப்பட்டது.

வீட்டு மருந்து வேண்டா

முயலுக்கு ஏற்படும் கேடுகளுட் சில நோயினால் அல்ல, மருந்தினாலேயே விளைகின்றன. பிள்ளைகளின் காய்ச்சலுக்கு வாங்கி மீந்த அமொக்சிசிலின் மருந்தை முயலின் வாயிற் புகட்டுதல் அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். வாய்வழி கொடுக்கும் பென்சிலின், அம்பிசிலின், அமொக்சிசிலின், கிளிண்டாமைசின் முதலியன முயலின் குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சுண்டாக்கும் நுண்ணுயிர்களைப் பெருகச் செய்கின்றன. சில நாளிற் கடுங்கழிச்சலால் முயல் இறக்கும். நாய்க்குத் தெள்ளு மருந்தாகப் பயன்படும் பிப்புரோனில் என்பதும் முயலுக்கு ஆகாது. எம்மருந்தாயினும் வைத்தியர் முயலைப் பார்த்து, நிறுத்து, அளவு கூறிய பின்னரே கொடுக்கப்படல் வேண்டும்.

வைத்தியரை நாடுதல்

யட்டியாந்தோட்டைப் பிரதேசத்தவர் தம் பிரிவுக்குரிய அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடலாம். இத்தகைய அலுவலகங்கள் சப்பிரகமுவ மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன. அவை பசுவுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே உரியவை என எண்ணுதல் தவறு. "முயல்தானே" எனக் கூச்சப்பட்டு நிற்க வேண்டா. சிக்கலான நோயாயின், வைத்தியரின் ஆலோசனைப்படி பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தைச் சார்ந்த போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லலாம். கால்நடை வைத்தியர் வெளிக்களப் பணிக்குச் செல்வதும் உண்டாதலின், அலுவலகத்தின் நாளும் நேரமும் தொலைபேசி இலக்கமும் முயல் சுகமாக இருக்கும்போதே அறிந்து வைத்தல் நன்று.

கொண்டு செல்லும் முறை வருமாறு:

1. முயலைக் காதைப் பிடித்துத் தூக்குதல் கூடாது. ஒரு கை மார்பின் கீழும், மறுகை பின்தொடையின் கீழுமாகத் தாங்குக. பின்கால் உதறினால் முதுகெலும்பு முறியக்கூடும்.

2. காற்றுத் துளைகள் இட்ட பெட்டியில் உலர்புல் பரப்பி வைக்குக. பேருந்தில் வெயில் படாத பக்கத்தில் அமர்க. 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் முயலுக்கு ஆகாது.

3. பயணத்திற்கு முன் பட்டினி போடுதல் வேண்டா. முயல் விரும்பும் புல்லைப் பெட்டியினுள் வைக்குக.

4. கடைசியாக விழுந்த புழுக்கையைக் கடதாசியிற் பொதிந்து எடுத்துச் செல்க.

5. எப்பொழுது தீனியை நிறுத்தியது, யாது தின்றது, அருகில் எம்மருந்து தெளிக்கப்பட்டது, வீட்டில் எம்மருந்து கொடுக்கப்பட்டது என்பவற்றை மறையாமற் கூறுக.

குடலோட்டம் நின்ற முயலுக்கு, வைத்தியர் திரவம் ஏற்றியும், வலி தணிக்கும் மருந்தும் குடலசைவைத் தூண்டும் மருந்தும் கொடுத்தும் பண்டுவம் செய்வார். குடலில் அடைப்பு இல்லையென அவர் உறுதி செய்த பின்னரே வாயிற் கூழ் புகட்டுதல் தகும்.

வீட்டிற் பராமரிப்பு

நோயுற்ற முயலைப் பிற முயல்களினின்றும் பிரித்து, காற்றோட்டமும் நிழலும் உள்ள, நாயும் பூனையும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும். உடல் குளிர்ந்து தளர்ந்திருந்தால், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய போத்தலைத் துணியிற் சுற்றி அருகில் வைக்கலாம். வெப்பத்தால் இளைத்திருந்தால், காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைக்குக. பனிக்கட்டி நீரில் அமிழ்த்துதல் கூடாது. நாள்தோறும் முயலின் எடை, தின்ற தீனி, விழுந்த புழுக்கை ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவித்தல் நன்று. வைத்தியருக்கு அக்குறிப்பு பெரிதும் உதவும். பிள்ளைகளும் உயிரினத்தை உற்றுநோக்கப் பழகுவர். வைத்தியர் குறித்த நாள் முடியுமுன், முயல் தேறிவிட்டதெனக் கருதி மருந்தை நிறுத்துதல் கூடாது.

எல்லா முயலும் பிழைப்பதில்லை. வருத்தம் தீராதெனக் கண்டு, வலியின்றி உயிர் விடச் செய்யலாமென வைத்தியர் கூறினால், அதனைக் கொடுமையெனக் கருதற்க. பிள்ளைகளிடமும் உண்மையையே சொல்லுக. இறந்த முயலை ஆற்றிலோ ஓடையிலோ எறியாது, கிணற்றிற்கும் நீரோடைக்கும் தொலைவில் நாய் தோண்டாத ஆழத்திற் புதைக்குக. கூட்டைக் கொதிநீரால் தூய்மை செய்து வெயிலில் நன்கு காயவிட்டபின்பே வேறு முயலை அதில் விடுதல் வேண்டும். நோயுற்ற முயலின் புழுக்கையை முயலுக்குப் புல் அறுக்கும் இடத்தில் இடாது, கூட்டெருக் குழியில் மூடி மக்கவைத்துப் பயன்படுத்துக.

தீனியும் புழுக்கையும் பார்ப்பதற்குக் காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் போதும். மாலையிற் காணும் குறியை மறுநாளைக்கு ஒத்திவையாத வீட்டில், "காலையில் இறந்து கிடந்தது" என்னும் சொல் அரிதாகவே எழும்.