கரி ரயில் போன வழியில் சைக்கிள்

யாக்ககேனி ஆற்றின் ஒரு கரையில் இன்றைக்கும் நீள நீளமான சரக்கு ரயில்கள் முழங்கிக்கொண்டு போகின்றன. எதிர்க்கரையில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அது கிடந்த மேட்டின் மேல் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டிக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். அதில் குழந்தையை முன்னால் உட்காரவைத்த அப்பா, கூடாரத்தைப் பின்னால் கட்டிய கல்லூரி மாணவர், எழுபதைத் தாண்டிய தம்பதி என்று எல்லாரும் சைக்கிள் மிதித்துப் போகிறார்கள். கார் கிடையாது, லாரி கிடையாது, ஹாரன் சத்தமும் கிடையாது. சில இடங்களில் ஊர்ச்சாலையைக் குறுக்கே கடக்கவேண்டியிருக்கும். மற்றபடி பாதை சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கி, மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாண்ட் வரை 240 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதையின் பெயர் கிரேட் அலெகேனி பேசேஜ். மனாங்ககேலா, யாக்ககேனி, காசல்மன் என்று மூன்று ஆறுகளை ஒன்று மாற்றி ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அலெகேனி மலைத்தொடரின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.

மலையைக் கடக்கும் பாதை என்றதும் மூச்சு வாங்கும் ஏற்றம் நினைவுக்கு வரும். இங்கே அது இல்லாததற்குக் காரணம் ரயில்தான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஒரு எஞ்சினால் ஆயிரக்கணக்கான டன்னை இழுக்க முடிகிறது. ஆனால் அதே காரணத்தால் கொஞ்சம் சரிவு கூடினாலும் சக்கரம் வழுக்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்று ஏறும் நீலகிரி ரயிலுக்கு, பல்சக்கரம் பற்றி ஏறும் பற்சட்டம் தேவைப்படுவது அதனால்தான். பற்சட்டம் இல்லாமல் கனமான கரி வண்டிகளை மலை தாண்டி ஓட்ட நினைத்தவர்கள், சரிவைக் குறைக்க என்ன செலவும் செய்தார்கள்: பாறையை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், குடைய வேண்டிய இடத்தில் குடைந்தார்கள். முடிந்தவரை ஆற்றின் ஓரத்தையே பிடித்துக்கொண்டார்கள். மலைக்குள் தாழ்வான வழி எது என்று ஆறு ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தது.

பிட்ஸ்பர்க் பக்கமிருந்து கிளம்பினால் உச்சியை அடைய ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் ஏறும் உயரம் சுமார் 510 மீட்டர். சராசரியாக 400 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். கண்ணுக்குத் தெரியாது, காலுக்கு மட்டும் லேசாகத் தெரியும். உச்சிக்கு மறுபக்கம் கதை வேறு. கம்பர்லாண்டிலிருந்து 38 கிலோமீட்டருக்குள் 540 மீட்டர் ஏறவேண்டும். ரயிலுக்கு அது கடினம். சைக்கிளுக்குச் சிறிய கியரில் பொறுமையாக மிதித்தால் போதும், ஆனால் நடுவே ஓய்வு தரும் இறக்கம் எதுவும் வராது. அதனால் சொகுசை விரும்புகிறவர்கள் பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டு, கடைசி நாளில் கம்பர்லாண்டுக்கு மிதிக்காமலே உருண்டு இறங்குகிறார்கள்.

ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு ரயில்பாதை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பால்டிமோர் அண்ட் ஓஹையோ கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே வந்துவிட்டது. போட்டிக்கு வந்த வெஸ்டர்ன் மேரிலாந்து கம்பெனி கம்பர்லாண்டிலிருந்து கானல்ஸ்வில் வரை தன் பாதையை 1912-ல் திறந்தது. பின்னாளில் வந்ததால் நல்ல தொழில்நுட்பமும் சீரான சரிவும் அதற்குத்தான் வாய்த்தன. அறுபது வருடம் கழித்து இரண்டு கம்பெனிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தபோது ஒன்று மிகையாகிப்போனது. 1975-ல் மூடப்பட்டது புதிய பாதை. கீழ்ப் பள்ளத்தாக்கில் இன்னொரு கம்பெனி ஓட்டிய கரி வண்டிகளுக்கும், பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகள் 1980-களில் வரிசையாக மூடப்பட்டதும் வேலை இல்லாமல் போனது.

தண்டவாளத்தை எடுத்த மறுநாளே சைக்கிள் ஓடிவிடவில்லை. ஓஹையோபைல் என்ற சிற்றூர் அருகே 1986-ல் முதல் துண்டு திறந்தது; பிட்ஸ்பர்க்கின் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவை ஒட்டிய கடைசித் துண்டு 2013-ல்தான் சேர்ந்தது. இடையில் இருபத்தேழு வருடம். பணம் ஒரு சிக்கல் என்றால், நிலம் அதைவிடப் பெரிய சிக்கல். அமெரிக்க ரயில் கம்பெனிகள் பல இடங்களில் நிலத்தை வாங்கியிருக்கவில்லை. ரயில் விட மட்டுமே உரிமை பெற்றிருந்தன. ரயில் நின்றால் நிலம் பக்கத்து நிலக்காரருக்குத் திரும்பிவிடும். ஒரு இடத்தில் பாதை அறுந்தால் மீண்டும் சேர்ப்பது நடக்கிற காரியமில்லை. 1983-ல் வந்த சட்டத் திருத்தம் இதற்கு ஒரு வழி செய்தது: பிற்காலத்தில் ரயில் தேவைப்படலாம் என்பதால் பாதையை அறுக்காமல் வைத்திருக்கலாம், அதுவரை அதில் மக்கள் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். நிலக்காரர்கள் சும்மா விடவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1990-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. நாடு முழுக்க இப்படி மாறிய பாதைகளின் நீளம் இன்று 40,000 கிலோமீட்டரை நெருங்குகிறது அல்லது தாண்டுகிறது; எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து எண் மாறும்.

சுற்றுலா விளம்பரங்கள் இந்தப் பள்ளத்தாக்கை இயற்கை எழில் என்று விற்கின்றன. அது பாதி உண்மைதான். இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும்போது மயங்காதவர் இல்லை. ஆனால் அந்த மரங்களுக்குக் கீழே கிடப்பது ஒரு தொழிற்பேட்டையின் எலும்புக்கூடு. அதைப் பார்க்காமல் கடப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

பிட்ஸ்பர்க்கிலேயே அது தொடங்கிவிடுகிறது. மனாங்ககேலா ஆற்றைக் கடக்கும் பாலத்தின் பெயர் ஹாட் மெட்டல் பிரிட்ஜ். ஒரு கரையின் ஊதுலையில் உருகிய இரும்பை, கொதிக்கக் கொதிக்கத் தொட்டி வண்டிகளில் ஏற்றி மறுகரை ஆலைக்குக் கொண்டுபோன பாலம் அது. சற்று தூரம் தள்ளி ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையின் பழைய பம்ப் ஹவுஸ் பாதையோரமே நிற்கிறது. 1892 ஜூலையில் கார்னெகி கம்பெனிக்கு எதிராகப் போராடிய தொழிலாளர்களும், ஆற்று வழியே படகில் கொண்டுவரப்பட்ட பிங்கர்ட்டன் கூலிப்படையும் துப்பாக்கியோடு மோதிய இடம்.

மேலே போகப் போக மலையின் விலாவிலிருந்து ஆரஞ்சு நிறத் தண்ணீர் கசிந்து வருவதைப் பார்க்கலாம். கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கந்தகமும் இரும்பும் கலந்த கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது. கரைந்து வரும் இரும்பு வெளியே வந்ததும் துருவாகப் படிகிறது. சுரங்கம் மூடி எத்தனை தலைமுறை ஆனாலும் கசிவு நிற்பதில்லை. இந்த ஆற்றோரத்தில்தான் 1907 டிசம்பர் 19 அன்று டார் சுரங்கம் வெடித்து 239 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று பழைய நாட்காட்டிப்படி புனித நிக்கோலஸ் திருநாள். வேலைக்குப் போகாமல் தேவாலயத்துக்குப் போன பலர் உயிர் தப்பினார்கள்.

கானல்ஸ்வில்லைச் சுற்றி தேன்கூடு வடிவச் சூளைகளில் கரியைக் கோக் என்ற உலை எரிபொருளாக்கி பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். தொழிலதிபர் ஹென்றி கிளே ஃபிரிக் பணக்காரரானது அந்தச் சூளைகளால்தான். சூளைகள் அணைந்த பிறகு ஊர்களில் ஆளும் குறைந்தது, கடையும் குறைந்தது.

ரயில் போன வழியே இப்போது ஆள் வருகிறது என்பது அந்த ஊர்களுக்குப் பெரிய விஷயம். சைக்கிளில் வருகிறவர் காரில் வருகிறவரைப் போல இல்லை. ஒரு நாளில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் மிதித்தவருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், சாயங்காலம் படுக்க இடம் வேண்டும், டயர் பஞ்சரானால் கடை வேண்டும். அடுத்த ஊர் வரை ஓட்டிப் போய்விடலாம் என்ற வசதி அவருக்கு இல்லை. வெஸ்ட் நியூட்டன், ராக்வுட், மேயர்ஸ்டேல் போன்ற ஊர்கள் பிழைப்பது இந்தப் பசியால்தான். 2019-ஆம் ஆண்டை வைத்துச் செய்த கணக்கின்படி, பாதையால் வட்டாரத்துக்கு வரும் வருமானம் ஆண்டுக்கு 12 கோடி டாலருக்கு மேல். இந்த மாதிரிக் கணக்குகளைப் பாதை நடத்துபவர்களே போட வைப்பதால் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம்; அப்போதும் சிறிய தொகை அல்ல.

ஓஹையோபைலில் ஆறு ஒரு பாறை விளிம்பிலிருந்து இருபது அடி விழுகிறது. 1754-ல் இளம் அதிகாரியாக வந்த ஜார்ஜ் வாஷிங்டன், பிரெஞ்சுக்காரர்களின் கோட்டைக்குப் படகிலேயே போய்விடலாமா என்று பார்த்துவிட்டு, இந்த அருவியைக் கண்டு திரும்பினார். இன்று இங்கே ரப்பர் படகுச் சவாரிக்குக் கூட்டம் அலைமோதுகிறது. கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் நீரோடையின் மேலேயே கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடும் சில கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே சைக்கிளில் போக நினைப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: பாதையை விட்டு விலகியதும் ரயில்காரர்களின் கருணை முடிந்துவிடும். செங்குத்தான மேடு, கூடவே கார்கள்.

அடுத்து வருவது கன்ஃப்ளூயன்ஸ், மூன்று நீரோட்டங்கள் சேரும் முக்கூடல். அங்கே யாக்ககேனியை விட்டுக் காசல்மன் ஆற்றைப் பிடிக்கிறது பாதை. மேயர்ஸ்டேல் அருகே 581 மீட்டர் நீளமுள்ள சாலிஸ்பரி வயடக்ட் என்ற பாலம், ஆறு, ரயில்பாதை, நெடுஞ்சாலை மூன்றையும் ஒரே தாவலில் தாண்டுகிறது. முப்பது மீட்டர் கீழே கார்கள் விரைவதை இங்கே நின்று பார்க்கலாம்.

கடல்மட்டத்திலிருந்து 2,392 அடியில் ஒரு சிறிய சாலைப் பாலத்துக்கு அடியில் நீர்ப்பிரிமேடு. ஒரு பக்கம் விழும் மழை மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும், மறுபக்கம் விழுவது அட்லாண்டிக்குக்கும் போகும். அதைத் தாண்டியதும் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் குகைப்பாதை. கசிவும் பனிக்கட்டியும் சிதைத்திருந்த இதைப் பழுதுபார்க்கக் கோடிக்கணக்கான டாலர் ஆனது. இப்போதும் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை கதவடைத்து வைக்கிறார்கள். உறைபனி உள்ளே புகுந்தால் சுவர் பெயரும். ஆகவே முழுத்தூரமும் போக நினைப்பவர்கள் குளிர்காலத்தைத் தவிர்க்கவேண்டும்.

கம்பர்லாண்டில் பாதை முடிகிறது, பயணம் முடியவேண்டியதில்லை. அங்கிருந்து போட்டோமாக் ஆற்றோரமாக வாஷிங்டன் நகர் வரை 184.5 மைல், அதாவது 297 கிலோமீட்டர், செசபீக் அண்ட் ஓஹையோ கால்வாயின் கரைப்பாதை. படகை இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த தடம் அது. 1924-ல் வெள்ளத்தால் கால்வாய் நின்றது. 1950-களில் அதன் மேல் கார் சாலை போடத் திட்டமிட்டார்கள். ஒரு செய்தித்தாள் அதை ஆதரித்து எழுத, உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதன் ஆசிரியர்களைத் தன்னோடு நடந்துபார்க்க அழைத்தார். 1954 மார்ச்சில் புறப்பட்ட கூட்டத்தில் முழுத்தூரமும் நடந்தவர்கள் ஒன்பது பேர்தான். ஆனாலும் செய்தித்தாள் தன் நிலையை மாற்றிக்கொண்டது, சாலை வரவில்லை, 1971-ல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. ரயில்தடத்தின் வழுவழுப்பை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. பல இடங்களில் மண் தடம், மழை பெய்தால் சேறு. மெல்லிய பந்தயச் சைக்கிளில் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தவர்களில் விவரம் தெரிந்தவர்கள் கம்பர்லாண்டிலேயே வண்டியை ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். தடித்த டயர் போட்டவர்கள் மண்ணில் இறங்குகிறார்கள்.