வைப்பாற்றின் வழியே: பட்டாசு மண்ணின் அருவிகளும் ஒரு கடற்கரையும்

தீபாவளி முடிந்த வாரத்தில் சிவகாசி ஓய்ந்துவிடும். ஆண்டு முழுக்க மருந்தும் திரியுமாக உழைத்த கைகளுக்கு அப்போதுதான் நீண்ட விடுப்பு. பல ஆலைகள் பூசை போட்டு மறுபடி திறக்கச் சில வாரங்கள் ஆகும். அதே வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழை மேற்கே மலையில் இறங்கி ஓடைகளைப் பெருக்குகிறது. கையில் போனஸும் மலையில் தண்ணீரும் சேர்ந்து வாய்க்கும் காலம் அது. பட்டாசு வட்டாரத்துக் குடும்பங்களோ குற்றாலத்துக்கோ கொடைக்கானலுக்கோ வேன் பேசுகின்றன. ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சொந்த மாவட்டத்து அருவிகள் பலருக்கும் பேரளவில்தான் தெரியும்.

விருதுநகர் என்றாலே வெயில் என்ற எண்ணம் பொய்யில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் நட்டபோது, அது வேர்பிடிக்க இந்த வறண்ட காற்றும் துணை நின்றது. ஆனால், தென்மேற்கு மழையை மறிக்கும் அதே மலைதான் தன் சரிவுகளில் காட்டையும் நீரையும் காத்து வைத்திருக்கிறது. அந்த நீர் தேவியாறாகவும் நாகரியாறாகவும் கயல்குடியாறாகவும் அர்ச்சுனா நதியாகவும் இறங்கி, வைப்பாறாகச் சேர்ந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது.

வெப்பமண்டலத் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் குவிவதற்குக் காரணம், மலையும் அருவியும் கடலும் அங்கே ஒரே பயணத்தில் கிடைப்பதுதான். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எரிமலை எழுப்பிய தீவு அது. அதன் உச்சி மூவாயிரம் மீட்டரைத் தாண்டும். எத்தாங்-சாலே கடற்கரையில் மணலே கறுப்பு. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் தீமிதிக்கிறார்கள். அந்தத் தீவு சில மணி நேரத்தில் காட்டும் மலை, காடு, அருவி, கடல் என்ற வரிசையை வைப்பாறும் காட்டுகிறது. அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை.

பயணத்தை ராஜபாளையத்தில் தொடங்கலாம். நகரத்துக்கு மேற்கே, மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்தால் மலையடிவாரத்தில் அய்யனார் கோயில் அருவி. அங்கே கோயில் கொண்டிருப்பவர் நீர்காத்த அய்யனார். பாறைகளில் தாவி இறங்கும் இந்த ஓடைதான் கீழே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போய் ராஜபாளையத்தின் குடிநீராகிறது. ஆகவே இங்கே சோப்பு, ஷாம்பு பாக்கெட்டுகளைப் போட்டுவிட்டு வருவது ஊரார் குடிக்கும் தண்ணீரில் போடுவதேதான். தெற்கே சேத்தூர், தேவதானம் பக்கம் போனால் சாஸ்தா கோயில் அருவி. மலைக்காட்டுக்குள்ளிருந்து வரும் நீர் அங்கேயும் மழைக்காலத்தில் நன்றாக விழும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சுமார் எட்டு கிலோமீட்டரில் செண்பகத்தோப்பு. ஆண்டாள் கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்த இடம் வரை வருவதில்லை. மீன்வெட்டிப் பாறை அருவியும், காட்டுக்குள் மேலே ஏறினால் காட்டழகர் கோயிலும் இங்கே உண்டு. அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. தேனும் மூலிகையும் எடுத்து வாழ்ந்த இம்மக்களுக்கு இந்தக் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும்.

இந்தக் காட்டின் பெருமைக்கு உரியது சாம்பல் நிற மலை அணில். மூக்கிலிருந்து வால் நுனிவரை இரண்டு அடிக்கு மேல் நீளும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இனம் இது. மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடமாகப் பார்த்து இலைகளால் கூடு கட்டும். தரைக்கு இறங்குவது அரிது. கிளைவிட்டுக் கிளை தாவியே வாழ்நாளைக் கழிக்கும். நடுவில் சில மரங்களை வெட்டினாலே அதன் பாதை அறுந்துவிடும். இந்த அணிலுக்காகவே 1988-இல் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது மேகமலைக் காட்டோடு இணைக்கப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. இந்தியாவின் 51-ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம்; பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். பட்டாசு ஆலைகளிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேற்கே தெரியும் நீல மலை, புலி நடமாடும் காடு என்பதைச் சிவகாசிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் போனால் நெல் வயல்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. அங்கே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் மலைகளின் மடியில் நிற்கின்றன. அதே சரகத்தில் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் பாதை தொடங்குகிறது. சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் காண ஆடி அமாவாசையில் பெருங்கூட்டம் வரும். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று நீரோடைகளைக் கடந்து ஏறவேண்டிய மலை இது. 2015 மே மாதம் திடீரென்று பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் கடுமையாயின. மழை வந்தால் வனத்துறை பாதையை அடைத்துவிடும். அதைத் தொந்தரவாக எண்ணக் கூடாது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் அந்த நொடியே கரையேறிவிட வேண்டும்.

மலை இங்கே முடிந்து கரிசல் விரிகிறது.

சிவகாசிக்குத் தெற்கே வெம்பக்கோட்டை. அணை நிரம்பியிருக்கும் மாதங்களில் அதன் கரையில் மாலை நேரம் இதமாக இருக்கும். அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. மணிகளும் சுடுமண் பொருள்களும் தங்க அணியும் கிடைத்தன. அவற்றோடு வந்த சங்கு வளையல்களின் குவியல்தான் இந்தப் பயணத்துக்கு முக்கியம். முழுதாகவும் உடைந்தும் அத்தனை வளையல்கள் கிடைத்ததிலிருந்து, சங்கறுத்து வளையல் செய்யும் தொழில் இங்கே நடந்திருப்பது புலப்படுகிறது. சங்கு கரிசலில் விளைவதில்லை, கடலிலிருந்து வரவேண்டும். 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோது விருதுநகர் கடலில்லாத மாவட்டமாயிற்று. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரை ஊருக்குக் கடலோடு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது.

சாத்தூரைத் தாண்டினால் இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் மாரியம்மன் வீற்றிருக்கிறாள். ஆடி வெள்ளிகளில் சுற்று வட்டாரம் முழுக்க இங்கே நடந்து வரும். மற்ற நாட்களில் அகன்ற ஆற்று மணலில் பிள்ளைகள் ஓடியாடலாம்.

அங்கிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகக் கிழக்கே போனால் மன்னார் வளைகுடா. காலையில் சிவகாசியில் புறப்பட்டால் மதியத்துக்குள் கடலைப் பார்த்துவிடலாம். தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பார், சிப்பிகுளம் பக்கத்தில் ஆறு கடலில் சேர்கிறது. வடக்கே வேம்பார், பனங்காடும் கருப்பட்டியும் அந்த ஊரின் அடையாளம். இது கடைவீதியும் ராட்டினமும் உள்ள கடற்கரை அல்ல, மீனவர்களின் வேலைக் கரை. வலை உலரும் இடத்தை மிதிக்காமல், கரையோரத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கால் நனைப்பது நல்லது. ஆழம் தெரியாத முகத்துவாரத்தில் குளிக்கவே கூடாது.

கரைக்கு அப்பால் உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி என்று வேம்பார் கூட்டத் தீவுகள் இருக்கின்றன. இவற்றை எழுப்பியது எரிமலை அல்ல, பவளம். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இவையும் சேர்ந்தவை. கடற்பசு மேயும் புல்வெளிகளும் பவளப் பாறைகளும் கொண்ட அந்தக் கடல் பாதுகாக்கப்பட்டது என்பதால் தீவுகளில் சுற்றுலாவாக இறங்க அனுமதியில்லை.

இத்தனை இடங்கள் இருந்தும் ஆலைத் தொழிலாளர் குடும்பம் ஒன்று எளிதாகப் போய்வர முடியாததற்குக் காரணங்கள் சிறியவைதான். அருவிக்கரைகளில் பெண்கள் உடை மாற்ற நல்ல அறைகளும் கழிப்பறைகளும் வேண்டும். தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களிலாவது சிவகாசியிலிருந்து அடிவாரங்களுக்கு நேரடிப் பேருந்து விடலாம். வேன் வாடகைக்குத் திண்டாடும் வீடுகளுக்கு அது பெரிய உதவி. காட்டுக்குள் போகிறவர்களும் தீப்பெட்டி, பட்டாசு, பிளாஸ்டிக் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். நீர்வரத்தைப் பொறுத்து அனுமதி மாறும் என்பதால் கிளம்பும் முன் வனத்துறையிடம் விசாரிப்பது அவசியம். முதல் நாள் செண்பகத்தோப்பும் அய்யனார் கோயில் அருவியும், மறுநாள் இருக்கன்குடியும் வேம்பாரும் என்று வைத்துக்கொண்டால், வழியில் சாத்தூர் சேவும் வாங்கிக்கொண்டு இரண்டாம் நாள் இரவே வீடு திரும்பலாம்.