மலைச்சரிவில் நிவாரணக் கணக்கு

இயற்கைச் சீற்றத்தில் பயிரை இழந்த விவசாயிக்கு அரசு வழங்கும் உதவித்தொகை, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நிதி இது. தமிழ்நாட்டில் இதற்கு மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் தருகின்றன. இமயமலை மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 90 விழுக்காடு. நீலகிரி மலையாக இருந்தாலும் சமவெளி மாநிலத்தின் கணக்கிலேயே சேர்கிறது.

புயல், வெள்ளம், வறட்சி, நிலச்சரிவு, ஆலங்கட்டி மழை, பூச்சித் தாக்குதல் ஆகியவற்றோடு உறைபனியும் பேரிடர்ப் பட்டியலில் உண்டு. குளிர்காலத்தில் தேயிலைச் செடிகள் பனியில் கருகும் உதகை, குந்தா வட்டாரங்களுக்கு இது முக்கியமானது. பசுந்தேயிலை விலை சரிவது மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மகசூல் இழப்பு 33 விழுக்காட்டை எட்டினால் நிவாரணம் உண்டு. 2015 வரை இந்த வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. மத்திய உள்துறை அமைச்சகம் 2022-இல் வகுத்த விதிகளின்படி, ஒரு ஹெக்டேர் மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. இரண்டு ஹெக்டேர் வரை மட்டுமே இந்தத் தொகை. மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து உயர்த்தித் தருவதும் உண்டு: நிவர், புரெவி புயல்களுக்குப் பின் 2021 ஜனவரியில் பல்லாண்டுப் பயிருக்கான தொகை 18,000-லிருந்து 25,000 ஆனது.

ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவருக்கு மத்திய விதிப்படி கிடைப்பது ஏறத்தாழ 9,100 ரூபாய். அடுத்த பருவத்துக்கு உரமும் கூலியும் ஓரளவு தேறட்டும் என்பதே இதன் நோக்கம். இழப்பை ஈடுகட்டுவதாக அரசும் சொல்வதில்லை.

சமவெளியில் வெள்ளம் வடிந்தால் வயல் மிஞ்சும். மலையில் மண்ணே போய்விடும். நீலகிரியில் 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நிலத்தின் பெரும்பகுதி சரிந்து போனால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய் என்கிறது விதி. அரை ஏக்கர் சரிந்தால் ஏறத்தாழ 9,500 ரூபாய். புதிதாக நட்ட தேயிலையில் முறையாகக் கொழுந்து பறிக்கவே சில ஆண்டுகள் ஆகும். அடித்துப்போன மேல்மண் அந்தக் குடும்பத்தின் காலத்தில் திரும்பாது. இந்த விதியில் மிகக் குறைவாக மதிப்பிடப்பட்டிருப்பது மலை நிலம்தான்.

சேதம் நேர்ந்ததும் கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறை அலுவலரும் சேர்ந்து கணக்கெடுக்கிறார்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் தேவை. அரசு ஒப்புதல் அளித்தபின் பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும்.

சிக்கல் பெரும்பாலும் பட்டாவில்தான். தாத்தா பெயரிலேயே கிடக்கும் கூட்டுப் பட்டாவில் யாருடைய பங்கு எவ்வளவு என்று காட்டுவது கடினம். குத்தகைக்கு எடுத்து கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டவர், அடங்கலில் தன் பெயர் இல்லாவிட்டால் வெறுங்கையோடு நிற்பார். கூடலூரில் நிலைமை இன்னும் கடுமை. 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுக்கு உட்பட்ட நிலங்களில் தலைமுறையாகப் பயிரிடுவோர்க்கும் பட்டா இல்லை. சரிந்த நிலத்துக்கான உதவியோ, வருவாய்த் துறைப் பதிவேட்டின்படி உரிமை உள்ளவருக்கு மட்டுமே.

கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டவர்கள் வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் முறையிடலாம். மண்ணை அள்ளி நிலத்தைச் சீர்செய்வதற்கு முன்பே சேதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது, அலுவலர் வரும்போது பெரிதும் கைகொடுக்கும்.