பத்து விநாடி வேகத்துக்கு என்ன விலை?

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் பாறையைத் துளைத்த டிரில்களை ஓட்டியது, மேலே கம்ப்ரசரில் அழுத்திக் குழாய் வழியாக அனுப்பிய காற்று. காற்றை நெருக்கினால் பலம் கூடும் என்பதைத் தங்கவயல்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு வெளிவந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்’ படம், கார் பிரியர்களான இளைஞர்களின் மனதில், எஞ்சினுக்குத் திடீர் பலம் தரும் நைட்ரஸ் பாட்டில் மீதான ஆசையை விதைத்தது.

நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அல்ல, தானாக எரியாது. எஞ்சினுக்குள் சுமார் 300 டிகிரி வெப்பத்தைத் தாண்டும்போது சிதைந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம் என்றால், இதில் 36. ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலையும் கூடுதலாக எரிக்கலாம். பாட்டிலில் திரவமாக இருப்பது வெளியே வந்ததும் கடுங்குளிராகி, உள்ளே போகும் காற்றையும் அடர்த்தியாக்கும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானங்கள் இதைப் பயன்படுத்தியது, உயரத்தில் காற்று மெலிந்துபோவதைச் சமாளிக்கத்தான். தங்கவயலும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய அந்த அளவு பலத்தை இழக்கும்.

பட்டனை அழுத்தினால் 50 குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைக்கும். அழுத்தாதபோது கார் வழக்கம்போல ஓடும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலம் தரும் வழி வேறு கிடைப்பது கடினம். அந்த ஆசையில் நியாயம் உண்டு.

ஆனால் 4.5 கிலோ பாட்டில், 100 குதிரைத்திறன் அளவுக்குத் திறந்துவிட்டால் சுமார் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, வாயுவுக்கு ஈடாகப் பெட்ரோல் போகாதபோது வருகிறது. எரிபொருள் பம்ப் கொஞ்சம் தளர்ந்திருந்தாலே போதும். எஞ்சின் ‘நாக்’ அடிக்கும், பிளக்கின் முனை உருகும், அலுமினிய பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். எல்லாம் சில விநாடிகளில் நடந்து முடிந்துவிடும். நம் வெயிலும் இதற்கு ஒத்துவராது. 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் பாட்டிலின் அழுத்தம் எகிறும். கணக்கிட்டுப் பொருத்திய அளவைவிட அதிக வாயு எஞ்சினுக்குள் பாயும்.

சட்டமும் இடம் கொடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் வழியிருக்கிறது.

ஹொஸ்கோட்டையிலிருந்து தங்கவயல் பக்கமாக வரும் புதிய சென்னை விரைவுச்சாலை நேராக, அகலமாக நீள்கிறது. ஆசை துளிர்க்கும் இடம் அதுதான். அங்கே பக்கத்து லேனில் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருக்கும். நைட்ரஸுக்கு உரிய இடம் இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் கரி போன்ற மூடிய பந்தயத் தடங்கள். அங்கும் போட்டி விதி அனுமதித்தால் மட்டுமே, வலுவான பிஸ்டன், குளிர் ரக ஸ்பார்க் பிளக், பின்தள்ளிய இக்னிஷன் டைமிங் எல்லாம் சேர்த்தே பொருத்த வேண்டும். ஊரின் உயரம் தின்னும் 8 சதவீதம்தான் கவலை என்றால், கம்பெனியே பொருத்தித் தரும் டர்போ பெட்ரோல் எஞ்சின் அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். வாரண்டியும் கைவிட்டுப் போகாது.