பைத்தான் புரோகிராம் தப்பாகக் கணக்குப் போடுகிறதா?

என் சித்தி ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். சுமார் நாற்பது வீட்டுக் கணக்கு. பாக்கியை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். பிளஸ் டூ படிக்கும் அவர் மகன், வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த உற்சாகத்தில், பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தான். பெயரையும் பாக்கித் தொகையையும் டைப் செய்தால், அதிகப் பாக்கி உள்ளவர் முதலில் வருமாறு வரிசைப்படுத்திக் காட்டும். மேலே உள்ள வீடுகளுக்கு முதலில் போய்க் கேட்கலாம் என்பது ஏற்பாடு.

அந்தப் பட்டியலைப் பார்த்து சித்தி கேட்கப் போனது 85 ரூபாய் பாக்கி வைத்திருந்த ஒரு பாட்டி வீட்டுக்கு. 1250 ரூபாய் வைத்திருந்தவர் பட்டியலின் அடியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். "எண்பத்தஞ்சு ரூபாய்க்கு வாசல் ஏறி வந்துட்டியா?" என்று பாட்டி கேட்டதில் சித்திக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. தம்பி எனக்குப் போன் செய்து, "அண்ணா, எர்ரர் எதுவுமே வரலையே!" என்றான். அதுதான் விஷயமே. எர்ரர் வந்திருந்தால் பிழைத்திருப்பான்.

பைத்தான், கைடோ வான் ராஸம் என்ற நெதர்லாந்துக்காரர் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட ஸ்கிரிப்டிங் மொழி. இலவசம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலும் இருக்கிறது. எனவே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் யாராவது அதை இன்ஸ்டால் செய்திருக்க வாய்ப்பு உண்டு. புதிதாக எழுதிப் பார்ப்பவர்கள் எங்கெங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று பார்ப்போம்.

முதல் சிக்கல், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே வரும். பைலை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு கறுப்பு விண்டோ மின்னல் போல் வந்து மறைந்துவிடும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். புரோகிராம் ஓடி முடிந்ததும் விண்டோ மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். பைத்தானுடன் கூடவே வரும் ஐடில் என்ற எடிட்டரில் பைலைத் திறந்து எஃப்5 கீயைத் தட்டுங்கள். விடையும் பிழைச் செய்தியும் ஸ்கிரீனில் அப்படியே நிற்கும். நோட்பேடில் எழுதி சேவ் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பைல் பெயரின் கடைசியில் உங்களுக்குத் தெரியாமல் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்து வைக்கிறது. போல்டரில் வியூ மெனுவுக்குப் போய், பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் குட்டு வெளிப்படும்.

சிவப்பு எழுத்தில் நான்கைந்து வரிகள் கொட்டினால் பலரும் விண்டோவையே மூடிவிடுகிறார்கள். வேண்டாம். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே எத்தனையாவது வரி என்ற எண் இருக்கும். நேம் எர்ரர் என்றால், நீங்கள் சொல்லும் பெயர் அதற்குத் தெரியவில்லை. ஸ்பெல்லிங்கையும், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதையும் பாருங்கள். சின்டாக்ஸ் எர்ரர் என்றால் எழுதிய முறையில் தவறு. இஃப், ஃபார் வரிகளின் கடைசியில் கோலன் விட்டுப் போயிருக்கலாம். ஒப்பிடும் இடத்தில் == போடாமல் ஒற்றை = போட்டிருக்கலாம். காட்டப்படும் வரி சரியாகவே இருந்தால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். அங்கே ஓர் அடைப்புக்குறி திறந்து மூடாமல் இருக்கும். 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10 முதல் இந்தச் செய்திகள் நன்றாகத் தெளிவடைந்திருக்கின்றன. மூடாத அடைப்புக்குறியை அதுவே சுட்டிக்காட்டிவிடுகிறது.

பழைய புத்தகத்தைப் பார்த்து அச்சு அசலாக டைப் செய்தும் பிரிண்ட் வரியில் பிழை வருகிறதா? அந்தப் புத்தகம் பைத்தான் 2-க்கு எழுதப்பட்டது. அதில் பிரிண்ட் என்பதற்குப் பின் அடைப்புக்குறி தேவையில்லை. 2008-ல் வந்த பைத்தான் 3-ல் கட்டாயம் தேவை. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்துவிட்டது. அதைத் தேடிப் பிடித்து இன்ஸ்டால் செய்யாமல், அடைப்புக்குறியைப் போட்டுவிடுங்கள்.

எம்.எஸ். வேர்டில் புரோகிராம் எழுதிவிட்டு அங்கிருந்து காப்பி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வேர்டு அழகுக்காக மேற்கோள் குறிகளை வளைத்து “ ” என்று மாற்றிவிடும். பைத்தானுக்கு வளையாத " மட்டுமே புரியும். கண்ணுக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது என்பதால் அரை நாள் போய்விடும்.

வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி மற்ற பல மொழிகளில் அழகுக்கு. பைத்தானில் அதற்கு அர்த்தமே உண்டு. எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை இடைவெளியை வைத்துத்தான் அது தீர்மானிக்கிறது. நான்கு ஸ்பேஸ் விடுவது வழக்கம். சில வரிகளில் டேப் கீயும் சில வரிகளில் ஸ்பேஸ் பாரும் கலந்திருந்தால், பார்வைக்கு நேராக இருந்தும் பிழை வரும். ஐடிலில் அந்தப் பகுதியைத் தேர்வு செய்து, ஃபார்மேட் மெனுவில் அன்டேபிஃபை ரீஜன் கொடுத்தால் எல்லாம் ஸ்பேஸ் ஆகிவிடும். பிழை காட்டாத இடைவெளித் தவறும் ஒன்று உண்டு. மொத்தத்தைப் பிரிண்ட் செய்யும் வரி தவறிப் போய் ஃபார் வரிக்குள் அடங்கிவிட்டால், ஒரு மொத்தத்துக்குப் பதில் நாற்பது மொத்தம் வரிசையாக வரும்.

இப்போது சித்தியின் கணக்குக்கு வருவோம். கீபோர்டில் நீங்கள் எதை டைப் செய்தாலும், இன்புட் என்ற கட்டளை அதை எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். நீங்கள் 900 என்று அடிக்கிறீர்கள். கம்ப்யூட்டருக்கு அது ஒன்பது, பூஜ்யம், பூஜ்யம் என்ற மூன்று எழுத்துகள். தொள்ளாயிரம் என்ற மதிப்பு அதற்குத் தெரியாது. எழுத்துகளை வரிசைப்படுத்தும்போது அகராதியில் செய்வது போல முதல் எழுத்தை முதலில் ஒப்பிடும். 1250, 900, 85, 640 ஆகியவற்றைப் பெரியதிலிருந்து அடுக்கச் சொன்னால் 900, 85, 640, 1250 என்று கொடுக்கும். 9, 8, 6, 1 என்று முதல் எழுத்தை மட்டும் பாருங்கள், அது செய்தது சரியே! பாட்டி மேலே வந்ததன் ரகசியம் இதுதான்.

இதே குழப்பம் வேறு வேடங்களிலும் வரும். 5-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 55 வரும். தினம் 2 லிட்டர், 3 நாள் என்று பெருக்கினால் 6-க்குப் பதில் 222 வரும். எழுத்தோடு எண்ணைக் கூட்ட முயன்றால் மட்டும் டைப் எர்ரர் என்று நிறுத்திவிடும். அது அதிர்ஷ்டம். 55, 222 எல்லாம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வரும்.

கண்டுபிடிப்பது எப்படி? ஒரு மதிப்பைத் தனியாகப் பிரிண்ட் செய்தால் எழுத்தானாலும் எண்ணானாலும் 900 என்றே காட்டும். அதை நம்பிவிடாதீர்கள். டைப் என்ற ஃபங்ஷனுக்குள் அதைக் கொடுத்துப் பிரிண்ட் செய்யுங்கள். எஸ்டிஆர் என்று வந்தால் எழுத்து, இன்ட் என்று வந்தால் முழு எண். பட்டியல் முழுவதையும் பிரிண்ட் செய்தாலும் தெரிந்துவிடும். எழுத்தாக இருந்தால் '900' என்று மேற்கோள் குறிக்குள் வரும். தம்பியை இதைத்தான் செய்யச் சொன்னேன். போனிலேயே "ஐயோ" என்றான். இன்புட் முழுவதையும் இன்ட் என்பதன் அடைப்புக்குறிக்குள் போட்டதும் வரிசை சரியானது.

ஆனால் இன்ட் கொஞ்சம் கறார் பேர்வழி. 1,250 என்று நடுவில் கமா போட்டாலோ, ஒன்றும் அடிக்காமல் என்டர் தட்டினாலோ, 12.50 என்று பைசாவோடு கொடுத்தாலோ வேல்யூ எர்ரர் வந்து புரோகிராம் நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், ௧௨ என்று தமிழ் எண்களில் கொடுத்தால் 12 என்று ஏற்றுக்கொள்கிறது! நம்பாதவர்கள் செய்து பாருங்கள்.

பைசா வேண்டுமென்றால் ஃப்ளோட் இருக்கிறதே என்பீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். இது பைத்தானின் குறை இல்லை. கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடிப்படையில் சேமிக்கிறது. அம்முறையில் 0.1-ஐ முழுமையாக எழுத முடியாது. ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுப்பது நல்லது. மாற்றும்போது ரவுண்ட் பயன்படுத்துங்கள். 19.99-ஐ 100-ஆல் பெருக்கி இன்ட் கொடுத்தால் 1998 ஆகி, ஒரு பைசா காணாமல் போகும்.

உங்கள் பைலுக்கு ரேண்டம் என்று பெயர் வைக்காதீர்கள். அதே பெயரில் பைத்தானிடம் ஒரு மாட்யூல் உண்டு. அதை இம்போர்ட் செய்யும்போது உங்கள் பைலையே எடுத்துக்கொண்டு விழிக்கும்.

தமிழில் பெயர் எழுதி பைலில் வைப்பவர்களுக்கு ஒரு விசேஷத் தொல்லை. ஓப்பன் கட்டளையில் யுடிஎஃப்-8 என்று என்கோடிங் குறிப்பிடாவிட்டால், பல கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் பழைய ஆங்கில முறையில் பைலைப் படிக்க முயலும். கமலா என்ற பெயர் மட்டும் இருந்தால் புரியாத குறிகளாக வரும். மீனாட்சி இருந்தால் எர்ரரோடு நின்றுவிடும். காரணம் 'ட்' மேல் உள்ள புள்ளி. யுடிஎஃப்-8-ல் புள்ளிக்குரிய மூன்று பைட்டுகளில் கடைசி பைட்டுக்கு அந்தப் பழைய முறையில் இடமே கிடையாது. படிக்கும்போதும் எழுதும்போதும் இரண்டு இடத்திலும் என்கோடிங்கைக் குறிப்பிட மறக்காதீர்கள். சித்தியின் பட்டியலில் மீனாட்சி மூன்று பேர். தம்பி அடுத்த போன் செய்தது அதற்குத்தான்.